கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் கம்பிகள்

ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு நேராகக் காருக்கு வந்து உட்கார்கிறீர்கள். விரலில் ஈரம் முழுதாகக் காயவில்லை. புதிதாகப் பொருத்திய தொடுதிரையில் வானொலியைத் தொட்டால் வரைபடம் திறக்கிறது. மறுபடி தொட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. கைக்குட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டதும் திரை ஒழுங்காக வேலை செய்கிறது. அதே விரலின் நகத்தால் தட்டிப் பாருங்கள், திரை அசையாது. பேனா முனைக்கும் அசையாது. ஆனால் அந்தக் காரில் முன்பு இருந்த பழைய தொடுதிரை ஈர விரல், நகம், பேனா, கையுறை எல்லாவற்றுக்கும் பணிந்திருக்கும். புதியதற்கு மட்டும் ஏன் இந்தத் தேர்வு?

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியைச் சந்திப்பவர்கள் அதிகம். வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் காரைக் கைவிடலாம், அல்லது சான்றிதழை 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். புதுப்பித்தவரின் காரில் எஞ்சின் நன்றாக ஓடும், இருக்கைகளும் பரவாயில்லாமல் இருக்கும், ஆனால் பாட்டுப்பெட்டி மட்டும் குறுந்தட்டுக் காலத்தில் நின்றுபோயிருக்கும். அதைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை போட்டுத்தரும் பட்டறைகள் சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் உண்டு. அங்கே போகிறவர்கள் முதலில் கேட்பது திரை எத்தனை அங்குலம் என்பதை, அடுத்து விலையை. பின்னால் இருக்கும் கம்பிகளை எதில் இணைப்பீர்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு. அந்தச் செட்டோடு பல ஆண்டு வாழப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

அங்குலக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கார் பாட்டுப்பெட்டிக்கான பொந்தின் அளவை வகுத்தது ‘டின்’ என்ற ஜெர்மானியத் தரநிலை. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். உயரத்தை இரட்டிப்பாக்கினால் ‘டபுள் டின்’. அந்தச் செவ்வகத்தின் மூலைவிட்டம் சுமார் 8 அங்குலம். ஓரச் சட்டத்துக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதால்தான் இந்தப் பொந்துக்குள் அடங்கும் திரைகள் பெரும்பாலும் 7 அங்குலமாக இருக்கின்றன. டொயோட்டா தன் பொந்தை 200 மில்லிமீட்டர் அகலமாக வைத்ததால் அதில் சாதாரணச் செட்டைப் பொருத்தினால் இரு பக்கமும் சந்து விழும். அதை மறைக்கப் பட்டைகள் விற்கிறார்கள். 9, 10 அங்குலத் திரைகள் பொந்துக்குள் போவதில்லை. அந்தந்தக் காருக்கென்று வார்த்த சட்டத்தில் முன்னால் உட்கார்ந்துகொள்கின்றன.

இனி விரலுக்கு வருவோம்.

பழைய திரையின் மேல்தோல் வளையக்கூடிய பிளாஸ்டிக். அதன் கீழே கண்ணாடி. இரண்டின் உட்பரப்பிலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். ஒளியைத் தடுக்காமல் மின்சாரத்தையும் கடத்தக்கூடிய அபூர்வமான பொருள் அது. இரண்டு படலங்களும் ஒட்டிவிடாதபடி இடையே கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் தாங்கி நிற்கும். விரலால் அழுத்தினால் மேல்தோல் வளைந்து இரண்டு படலங்களும் ஓரிடத்தில் முட்டும். ஒரு படலத்தின் இடது ஓரத்தில் சுழி வோல்ட், வலது ஓரத்தில் 5 வோல்ட் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். படலத்தின் மின்தடை சீராகப் பரவியிருப்பதால் இடமிருந்து வலமாக வோல்ட் சீராக ஏறிக்கொண்டே போகும். முட்டிய இடத்தில் இரண்டரை வோல்ட் இருந்தால் விரல் நட்டநடுவில். 1 வோல்ட் என்றால் இடது ஓரத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில். அடுத்த கணம் மேலிருந்து கீழாக இதே அளவீடு. இரண்டு எண்களும் கிடைத்துவிட்டால் இடம் தெரிந்துவிடும். மின்தடைத் தொடுதிரை என்பது இதுதான். அழுத்தம் மட்டுமே இங்கே கணக்கு. அழுத்துவது நகமா பேனாவா என்பது அதற்கு வேண்டாத விவரம். சிங்கப்பூர் வெயிலில் நாள் முழுக்க நின்ற கார்களில் இந்தப் பிளாஸ்டிக் மேல்தோல் தளர்ந்து, தொட்ட இடம் ஒன்றும் பதில் வரும் இடம் வேறொன்றுமாக ஆகிவிடுவதும் இதனால்தான்.

புதிய திரையில் எதுவும் வளைவதில்லை. கண்ணாடிக்குக் கீழே கிடைக்கோடுகளாகச் சில கடத்திகள், நெடுக்குக் கோடுகளாகச் சில, ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே ஓடுகின்றன. இரண்டு கடத்திகளை ஒட்டாமல் அருகருகே வைத்து ஒன்றுக்கு மின்னூட்டம் கொடுத்தால், அதன் மின்புலம் இடைவெளியைத் தாண்டி மற்றதையும் தொடும். இந்தப் பிணைப்பின் அளவை மின்தேக்குதிறன் என்கிறோம். திரையின் ஒவ்வொரு சந்திப்பிலும் இப்படி ஒரு சிறு மின்தேக்கி உருவாகிறது. கிடைக்கோடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சின்னச் சின்னத் துடிப்புகள் அனுப்பப்படும். அப்போது நெடுக்குக் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒரு சில்லு அளந்துகொண்டே இருக்கும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறையிலிருந்து வரிசை வரிசையாக வடை போகிறது. ஒவ்வொரு நெடுக்குச் சந்தின் முனையிலும் ஒருவர் நின்று தன் பக்கம் எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணுகிறார். நாலாவது வரிசைக்கு வடை போனபோது ஏழாவது சந்தில் மட்டும் ஒன்று குறைந்தது. மற்ற வரிசைகளுக்குப் போனபோது எதுவும் குறையவில்லை. அப்படியானால் நாலாவது வரிசையும் ஏழாவது சந்தும் கூடும் இடத்தில் யாரோ ஒருவர் கை வைத்திருக்கிறார். எடுத்தவரை யாரும் பார்க்கவில்லை. குறைந்த கணக்கே இடத்தைச் சொல்லிவிட்டது. உங்கள் விரல் திரையில் செய்வதும் இந்த வேலைதான். நம் உடல் உப்புநீர் நிறைந்த பெரிய மின்கடத்தி. விரல் அருகே வந்ததும் மின்புலத்தில் ஒரு பகுதி நெடுக்குக் கோட்டுக்குப் போகாமல் விரலுக்குத் திரும்பிவிடுகிறது. நகம் மின்சாரத்தைக் கடத்தாத பொருள், முனையோ சிறியது. அதனால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஈரம் குழப்புவதன் காரணமும் இப்போது விளங்கும். கண்ணாடியில் தனித்து நிற்கும் நீர்த்துளி அருகருகே உள்ள கோடுகளின் பிணைப்பைக் கூட்டிவிடும், அதாவது விரல் செய்வதற்கு நேர்மாறு. அதே துளி விரலோடு சேர்ந்திருந்தால் விரலே பரந்து விரிந்துவிட்டதாகச் சில்லுக்குத் தோன்றும். கணக்கின் இரு பக்கமும் பிழையாகும்போது சில்லு தவறான இடத்தைச் சொல்கிறது, அல்லது பேசாமல் இருந்துவிடுகிறது.

இது கைப்பேசியோடு பிறந்த நுட்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில், அரசு ரேடார் ஆய்வகத்தில் வேலை பார்த்த இ. ஏ. ஜான்சன் விரலின் மின்தேக்குதிறனைக் கொண்டு இயங்கும் திரையை 1965-லேயே விவரித்துவிட்டார். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்காக யோசிக்கப்பட்டது அது. காருக்குள் தொடுதிரை வந்தது 1986-இல், அமெரிக்காவின் ப்யூக் ரிவியேரா காரில். பச்சை எழுத்து மின்னும் படக்குழாய்த் திரை அது. அந்த நிறுவனமே சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுப் பொத்தான்களுக்குத் திரும்பியது. அதற்கான காரணத்தைக் கடைசியில் பார்ப்போம்.

திரையைக் கழற்றினால் பின்னால் வண்ண வண்ணமாகக் கம்பிகள். வெளிச்சந்தைச் செட்டுகளில் வழக்கமான நிறங்கள் இவை: மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு சேர்ந்திருப்பது; சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது; கறுப்பு எர்த். நேரம், நிலையங்கள், அமைப்புகள் ஆகியவற்றை நினைவில் வைத்திருப்பது மஞ்சள் கம்பியின் வேலை. செட்டை எழுப்புவதும் உறங்க வைப்பதும் சிவப்பின் வேலை. சில ஐரோப்பிய கார்களின் இணைப்பியில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். கவனிக்காமல் சொருகினால் செட் வேலை செய்வதாகவே தோன்றும், ஆனால் காரை நிறுத்தி மறுபடி எடுக்கும்போதெல்லாம் சேமித்த நிலையங்கள் காணாமல்போய்விடும். செட் பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் இந்த இரண்டு கம்பிகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை பேட்டரி இறங்குவது. ஆண்ட்ராய்டு செட்டுகள் கணினிகள். முழுதாக அணைந்து எழ அவற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகும். அதற்குப் பொறுமை இல்லாத நமக்காக, சாவியை எடுத்தபிறகும் பலவும் அரைத்தூக்கத்தில் கிடந்து மஞ்சள் கம்பியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிறிய காரின் பேட்டரி 50 ஆம்பியர்-மணி என்று கொள்வோம், அதாவது 1 ஆம்பியர் வீதம் 50 மணி நேரம் கொடுக்கும். நல்ல நிலையிலுள்ள கார் உறங்கும்போது 30 மில்லி ஆம்பியர் எடுத்தால், தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பும்போது 10 ஆம்பியர்-மணி போயிருக்கும். கார் எழுந்துவிடும். தவறாக இணைத்த செட் 300 மில்லி ஆம்பியர் எடுத்தால் அதே இரண்டு வாரத்தில் 100 ஆம்பியர்-மணி வேண்டும். பேட்டரியில் அவ்வளவு கிடையாது. முதல் வாரம் முடிவதற்குள்ளேயே வீவக கார்ப்பேட்டையின் நாலாவது தளத்தில் கார் உயிரற்று நிற்கும்.

யார் குடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் முறை எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் ஓர் அம்மீட்டரை வைக்க வேண்டும். காரைப் பூட்டிவிட்டு அதன் கணினிகள் எல்லாம் உறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாம். பிறகு மீட்டரைப் படிக்கலாம். எண் கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வர வேண்டும். எதை உருவியதும் எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. ஊகத்துக்கு இடமே இல்லை. இதற்கு வேண்டிய சாதாரண மல்டிமீட்டர், தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் கிடைக்கும்.

ஒலிபெருக்கியில் கேட்கும் கீச்சு ஒலிக்கும் இதே வகைத் துப்பறிதல் உதவும். வண்டியை முடுக்க முடுக்க அந்த ஒலியும் உச்சத்துக்கு ஏறும், விட்டால் இறங்கும். எஞ்சினின் வேகத்தைப் பின்தொடர்கிறது என்பதே பெரிய தடயம். எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கினாலும் ஒரு சிறு அலைவு மிஞ்சிவிடும். செட்டுக்கு ஓரிடத்திலும் தனி ஆம்பிளிஃபயருக்கு வேறோர் இடத்திலும் எர்த் கொடுத்திருந்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே கார் உடம்பின் இரும்பில் ஓடும் மின்சாரத்தால் நுண்ணிய வோல்ட் வேறுபாடு பிறக்கும். பாட்டோடு சேர்ந்து அதுவும் காதுக்கு வந்துவிடும். ஒலியைக் குறைத்தாலும் கீச்சு குறையவில்லை என்றால், ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குப் பிறகுதான் அது நுழைகிறது. வடிகட்டி வாங்கிப் பொருத்துவதற்கு முன் இரண்டு எர்த்துகளையும் பெயின்ட் சுரண்டிய ஒரே இரும்புப் புள்ளிக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

‘புது செட் போட்டதிலிருந்து ஒலி 96.8 கரகரக்கிறது’ என்ற குறை தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்பது. 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர். அதை நன்றாகப் பிடிக்க அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆண்டெனா வேண்டும். பழைய கார்களில் நீட்டி மடக்கும் கம்பி ஏறக்குறைய அந்த நீளத்தில் இருந்தது. இன்று கூரைமேல் இருப்பது விரல் நீளத் துடுப்பு, அல்லது பின்கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய இழை. நீளத்தில் இழந்ததை அதன் அடியில் இருக்கும் சிறு பெருக்கி ஈடுகட்டுகிறது, அந்தப் பெருக்கிக்கு 12 வோல்ட் வேண்டும். செட்டிலிருந்து வரும் நீலக் கம்பி அதற்காகத்தான். அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டுவிட்டால் கரகரப்புதான் மிஞ்சும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த செட்டாக இருந்தால் காரணமே வேறு. அங்கே பண்பலை வரிசை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது, 96.8 அதன் எல்லைக்குள்ளேயே வராது.

இப்போது நான் மிகவும் முக்கியமாகக் கருதும் கம்பிக்கு வருகிறேன். ஸ்டியரிங்கில் ஒலியைக் கூட்ட, குறைக்க, பாட்டை மாற்ற, அழைப்பை எடுக்கப் பொத்தான்கள் இருக்கின்றன. ஆறேழு பொத்தான்கள், ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதான பல கார்களில் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தகவல் கம்பி, கூட ஓர் எர்த். ஒரே கம்பியில் இத்தனை கட்டளைகள் எப்படிப் பிரிந்து போகின்றன?

விடை பழைய தொடுதிரையில் பார்த்ததுதான். ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் வெவ்வேறு அளவு மின்தடை. எதை அழுத்துகிறோமோ அதற்கேற்ப அந்தக் கம்பியின் வோல்ட் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும். செட் அந்த வோல்ட்டைப் படித்து, ‘இந்த அளவென்றால் ஒலியைக் கூட்டு’ என்று புரிந்துகொள்ளும். புதுச் செட்டுக்கு உங்கள் காரின் அளவுகள் தெரியாது. அதனால் பொருத்தும்போது ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அமைப்புகளுக்குள் அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும். நாளடைவில் பொத்தானின் தொடுமுனைகளில் அழுக்கு ஏறினால் அதுவும் ஒரு மின்தடைதான். ஒலியைக் கூட்ட அழுத்தினால் அடுத்த பாட்டுக்குத் தாவும் கார்களில் நடந்திருப்பது இது. செட்டின்மேல் தவறில்லை.

சற்றுப் புதிய கார்களில் வோல்ட் ஏணி கிடையாது. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற பொது வழி இருக்கிறது. முறுக்கிய இரண்டு கம்பிகளில் காரின் கணினிகள் எல்லாம் பேசிக்கொள்ளும். இரண்டு கம்பிகளின் வோல்ட் வேறுபாட்டை மட்டுமே அவை கேட்கின்றன. எஞ்சினின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால், வேறுபாடு எடுக்கும்போது அது தானாகக் கழிந்துவிடும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் சிறிய எண் கொண்ட செய்தி முந்தும், மற்றது தானே விலகிக்கொள்ளும். பிரேக் பற்றிய செய்திக்கு எந்த எண், பாட்டு பற்றியதற்கு எந்த எண் என்று வடிவமைத்தவர்கள் முன்பே முடிவு செய்திருப்பார்கள். இப்படிப்பட்ட காரில் வெளிச்செட்டை மாட்ட, அந்தக் கார் பேசும் செய்திகளை மொழிபெயர்க்கும் ஒரு சிறு பெட்டி வேண்டும். அதன் விலையை மிச்சப்படுத்துகிறேன் என்று ஸ்டியரிங் பொத்தான்களை ஊமையாக்கிவிட்டுப் பெரிய திரை வாங்குவது தலைகீழான பேரம்.

வேகத்தைச் சொல்லும் கம்பியும் இப்படித்தான் கைவிடப்படுகிறது. வரைபடத்துக்குக் கார் இருக்கும் இடம் தெரிவது செயற்கைக்கோள்களால். ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு நொடி பிழைத்தால் தூரத்தில் 300 மீட்டர் பிழைக்கும். உங்கள் செட்டில் அணுக்கடிகாரம் கிடையாது என்பதால் அதன் கடிகாரப் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க மூன்று போதாமல் நான்காவது கோளும் தேவைப்படுகிறது. தரைக்கு வரும்போது அந்தச் சமிக்ஞையின் வலு ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான். இவ்வளவு மெலிந்ததைப் பிடிக்க வேண்டிய ஆண்டெனாவைச் செட்டின் இரும்புக் கூட்டுக்கு அடியிலோ, உலோகம் கலந்த வெயில்தடுப்புப் படலம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்தால் வரைபடம் தடுமாறும். முகப்புப் பலகையின் மேல்தோலுக்குக் கீழே, வானத்தைப் பார்த்தபடி அது கிடக்க வேண்டும்.

காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையில் இறங்கினால் வானமே கிடையாது. 12 கிலோமீட்டர் சாலையில் சுமார் 9 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் போகிறது, சுரங்கத்துக்குள்ளேயே பிரிவழிகள் வேறு. காரோடு வந்த வழிகாட்டிகள் இங்கே சக்கரத்தின் சுழற்சியை எண்ணி, திரும்பும் கோணத்தையும் சேர்த்து, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கணக்கிட்டுக்கொண்டே போகும். நடுக்கடலில் மாலுமிகள் வேகம், திசை, நேரம் மூன்றையும் வைத்து இடம் குறித்த அதே முறை. வெளிச்செட்டுகளிலும் சிலவற்றில் இந்த வசதி உண்டு. காரின் வேகத் துடிப்பைத் தரும் கம்பியை இணைத்தால்தான் அது உயிர் பெறும். கைப்பேசியை இணைத்து அதன் வரைபடத்தைத் திரையில் பார்ப்பவர்களுக்கு வேறு துணை இருக்கிறது: நிலப் போக்குவரத்து ஆணையம் சுரங்கச் சாலைகளில் புளூடூத் குறிப்பான்களைப் பொருத்தியிருக்கிறது. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைச் சொல்ல, அதைக் கேட்டு வரைபடச் செயலி தன் இடத்தைத் திருத்திக்கொள்கிறது. கைப்பேசியின் புளூடூத்தை அணைத்து வைத்திருந்தால் இந்த உதவி கிடைக்காது.

விரல் எங்கே, பொத்தான் எது, கார் எங்கே என்று எல்லாவற்றையும் மறைமுகமாக அளந்து கண்டுபிடிக்கும் இந்தச் செட் ஒன்றை மட்டும் அளப்பதில்லை. ஓட்டுகிறவரின் கண் எங்கே இருக்கிறது என்பதே அது. பழைய பாட்டுப்பெட்டியின் திருகைக் கண் பார்க்க வேண்டியிருந்ததில்லை. விரல் தடவியே அதைக் கண்டுபிடித்தது, எவ்வளவு திருப்பினோம் என்பதையும் விரலே சொன்னது. கண்ணாடியில் தடவ ஒன்றுமில்லை. விரலின் வேலை கண்ணுக்குப் போய்விட்டது.

இதன் விலையை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 100 கார்களில் கேமராக்களைப் பொருத்தி, மக்கள் அன்றாடம் ஓட்டுவதை ஓராண்டுக்கு மேல் பதிவு செய்தார்கள். விபத்துக்கும் மயிரிழையில் தப்பியதற்கும் முந்தைய நொடிகளில் ஓட்டுநரின் கண் எங்கே இருந்தது என்று படம் படமாகப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சாலையிலிருந்து 2 நொடிக்கு மேல் கண்ணை எடுத்தால் ஆபத்து குறைந்தது இரண்டு மடங்காகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் 2 நொடி என்பது 50 மீட்டர். சிராங்கூன் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனாலும் 28 மீட்டர். மாலை வேளையில் அந்த 28 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே கடப்பார்கள் என்பது அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

சுவீடனின் ‘வி பிலேகரே’ என்ற கார் இதழ் 2022-இல் இன்னொரு சோதனை செய்தது. ஓடுபாதை ஒன்றில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே இருக்கையைச் சூடேற்றுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு சிறு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் மட்டுமே கொண்ட 2005-ஆம் ஆண்டு வால்வோவில் எல்லாம் முடிய 10 நொடி ஆனது. கார் அதற்குள் 306 மீட்டர் போயிருந்தது. தொடுதிரைக் கார்களில் மிக மோசமானதில் 44.9 நொடி, 1,372 மீட்டர்.

சிங்கப்பூர் நீரிணையில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில், சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மாலுமிகள் 10 பேர் இறந்தார்கள். கப்பலின் திசையையும் வேகத்தையும் தொடுதிரைகள் வழியாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு அதில் இருந்தது. வேகக் கட்டுப்பாட்டை இன்னொரு மேசைக்கு மாற்ற முயன்றபோது சுக்கானும் சேர்ந்து மாறிப்போனதை யாரும் உடனே உணரவில்லை. கப்பல் சுக்கானை இழந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பயிற்சிக் குறைவு உள்ளிட்ட காரணங்களோடு, இந்தத் தொடுதிரை அமைப்பின் வடிவமும் தவறு நேரும் வாய்ப்பைக் கூட்டியது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் சொன்னது. அதே ஆண்டு அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களில் கையால் தள்ளும் நெம்புகோல்களை மீண்டும் பொருத்தப்போவதாக அறிவித்தது. பழக்கப்பட்ட மாலுமியின் கை நெம்புகோலின் நிலையை இருட்டிலும் அறியும். திரையில் அந்த அறிவுக்கு வழியில்லை. ப்யூக் ரிவியேராவை ஓட்டியவர்கள் 1986-இல் சொன்ன குறையும் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான்.

சட்டம் கையைத்தான் முதலில் பார்க்கிறது. ஓடும் வாகனத்தில் கைப்பேசியோ கைக்கணினியோ கையில் பிடித்துப் பயன்படுத்துவது சிங்கப்பூரில் 2015 பிப்ரவரி முதல் குற்றம். முகப்புப் பலகையில் பதித்த திரை கையில் இருப்பதில்லை, ஆனால் கண்ணை அதே அளவு இழுக்கும். செட்டைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பெரும்பாலும் இளம்பச்சை நிறத்தில் ஒரு கம்பி கொடுத்து, அதைக் கைபிரேக்கோடு இணைக்கச் சொல்கிறார்கள். பிரேக் போட்டிருந்தால்தான் படம் ஓடும். இந்தக் கம்பியை நேராக எர்த்தில் சொருகிவிட்டால் கார் எப்போதும் நின்றுகொண்டிருப்பதாகச் செட் நம்பிவிடும். கேட்டால் சில பட்டறைகளில் செய்தும் கொடுப்பார்கள். பின்னிருக்கையில் பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று கேட்கும் பெற்றோர் அதற்குப் பின்னால் தனித்திரை வாங்கலாம். முன்திரையின் அந்தக் கம்பி கைபிரேக்கில்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

ஆகவே காக்கி புக்கிட்டில் வண்டியை விடும்போது, ஸ்டியரிங் பொத்தான்கள் வேலை செய்யுமா, ஆண்டெனாவின் நீலக் கம்பியை எங்கே சேர்ப்பீர்கள், வேகக் கம்பி உண்டா, கைபிரேக் கம்பியை எதில் இணைப்பீர்கள் என்று கேளுங்கள். ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகு உள்ள செட்டும், அது இல்லாத பெரிய திரையும் ஒரே விலையில் இருந்தால் திருகு உள்ளதை எடுங்கள். வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன், நிறுத்திய காரிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் குறைத்துப் பாருங்கள், அடுத்த நிலையத்துக்கு மாற்றிப் பாருங்கள், அழைப்பொன்றை எடுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் சட்டத்தை மறுபடி கழற்றச் சொல்லலாம். அந்த வேலை அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.